கைக்குப் பெரிய கத்தி

என் மருமகன் மூன்று வாரமாக ஒரு கத்தி வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கி முடித்தபாடில்லை. கத்தி வாங்க எதற்கு மூன்று வாரம் என்று நம் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "அத்தே, இது தினமும் பாக்கெட்டுல வெச்சிருக்கிற மடக்குக் கத்தி. சும்மா எதையாச்சும் வாங்க முடியாதுலா," என்றார். இரும்பில் இத்தனை ரகம், பூட்டில் இத்தனை ரகம், பிடியில் இத்தனை ரகம் என்று கைப்பேசியில் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கத்தியைப் பற்றியும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் அரை மணி நேரம் பேசுகிறான். அதையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். இவ்வளவும் எதற்கு? வாசலில் வந்து விழும் பார்சலைப் பிரிக்க. ஈப்போவில் ஏர்கான் போட்ட ஆபீசில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு வேறு என்ன வெட்ட இருக்கிறது?

ஒரு வழியாக இரண்டு கத்திகளை வரவழைத்தார். பெருமையாக மேசைமேல் வைத்தார். நான் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன். மடக்கியபடியே உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பார்த்தேன். நகத்தால் திறந்து, அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டேன். அலகைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பிறகு மடக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அடுத்ததையும் அப்படியே செய்தேன்.

"இது ஆடுது, திருப்பி அனுப்பிருங்க. அதை வெச்சுக்குங்க," என்றேன்.

மருமகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அத்தே, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் போன் வந்தது, எழுந்து போனவர் திரும்பவில்லை. ஆரம்பித்த கதையை விழுங்கி வைக்க என்னால் முடியாது. உங்களிடம் வந்துவிட்டேன். நீங்களும் தோட்டத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள்தானே, கேளுங்கள்.

அது ரப்பர் மரங்கள் இலை கொட்டும் காலம். மூன்று வாரத்துக்குக் காடே செம்பட்டையாகி, பிறகு மொட்டையாகிவிடும். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் காய்ந்த இலை கணுக்கால் வரை கிடக்கும். அதைக் காலால் அளைந்துகொண்டு நடந்தால் வரும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மரத்தில் பால் குறைந்துவிடும், வேலையும் குறைந்துவிடும். பெரியவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும். தோட்டத்துக் கல்யாணப் பேச்செல்லாம் அந்த நாளில்தான் கிளம்பும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா தோட்டத்து ரப்பர்ப் பால் லாரி ஓட்டினார். அம்மா பட்டையைச் சீவிப் பால் மரம் வெட்டினார். எங்களோடு அம்மாவின் தங்கை, என் சின்னம்மா இருந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலக் கணக்குக்கு அது கொஞ்சம் கூடுதல் வயது என்று வரிசையாக இருந்த லயத்து வீடுகள் பூராவும் கவலைப்பட்டன. சின்னம்மா மட்டும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருக்கு நாற்று மேடையில் வேலை. ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவார். கன்றின் பட்டையில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் கீறி, நல்ல ஜாதி மரத்திலிருந்து எடுத்த கண்ணை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிவிடுவார்கள். சில வாரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும்போது கண் பச்சையாக இருக்க வேண்டும். கத்தி ஆடினால் கீறல் கோணிவிடும். கோணினால் கண் கருகிப் போகும். சின்னம்மா கட்டியதில் கருகியது என்று விரல் விட்டு எண்ணலாம். வெயிலில் குனிந்தே நின்று, கையெல்லாம் பால் கறை கறுத்துப்போய், சாயங்காலம் வந்து என் பென்சில்களைச் சீவிக் கொடுப்பார். அதே கத்திதான் வீட்டில் அரிசிச் சாக்கைப் பிரிக்கும், கரும்பைச் சீவும், செருப்பு வாரில் புது ஓட்டை போடும். ஒரு கயிற்றில் கட்டி இடுப்பில் செருகியிருப்பார். குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பார் என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

அந்தக் கத்தி கிழடு தட்டிவிட்டது. பூட்டு தேய்ந்து, கொஞ்சம் அழுத்தினால் அலகு தானாக மடங்கப் பார்க்கும். இரண்டு தடவை ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. சீனப் பெருநாளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, புதுசு பார்க்கலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினார்.

இரும்புச் சாமான் கடை. வாசலில் கயிற்றுச் சுருளும் மண்வெட்டியும் தொங்கும். உள்ளே கிரீசும் மண்ணெண்ணெயும் சணலும் கலந்த ஒரு வாசம். எனக்கு அது எந்த சென்ட்டை விடவும் உசத்தி. கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்புத் துணிமேல் மடக்குக் கத்திகள் வரிசையாகப் படுத்திருந்தன. பனியன் போட்ட சீனக் கடை முதலாளி, தவுக்கே, பெட்டியைத் திறந்துவிட்டு, சாமான் எடுக்கப் போய்விட்டார். அவர் போய் வந்தார், இன்னொரு ஆளுக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தார், டீ குடித்தார். சின்னம்மா மூன்றாவது கத்தியில்தான் இருந்தார்.

"இங்க பாரு," என்றார் என்னிடம். "மடக்கி வெச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கணும். வெளிய துருத்திக்கிட்டு நின்னா இடுப்புல குத்தும். தொறக்கிறப்ப நகம் வலிக்கக் கூடாது. தொறந்ததும் ஒரே சத்தம்தான் வரணும், ரெண்டு சத்தம் வந்தா பூட்டு சரியில்ல. அப்புறம் ஆட்டிப் பாரு. அப்புறம் மடக்கி இடுக்குல பாரு, அலகு எங்கயும் ஒரசக் கூடாது."

பளபளவென்று வெள்ளையாக இருந்ததை ஒதுக்கினார். "இது துருப்பிடிக்காது, ஆனா தீட்டினாலும் ஏறாது. பாக்கத்தான் அழகு." சங்கிலி வைத்ததை ஒதுக்கினார். நாலு வேலைக்கு நாலு அலகு வைத்ததை எடுத்து எடை பார்த்துச் சிரித்துவிட்டு வைத்தார். கடைசியில் மாட்டுக் கொம்புப் பிடியும் கறுத்த அலகும் உள்ள ஒன்றில் கை நின்றது. அதே கத்தி மூன்று அளவில் இருந்தது.

தவுக்கே டீ கிளாசோடு வந்தார். "தங்காச்சி, கத்தி வாங்குறியா, மாப்பிள்ள பாக்குறியா? ரொம்ப நேரம் பாக்குது நீ."

"மாப்பிள்ளய எங்க அக்கா பாப்பாங்க தவுக்கே. கத்திய நாந்தான் பாக்கணும்," என்றார் சின்னம்மா. மூன்று அளவில் எது என்று பார்ப்பதற்குள் எங்கள் பஸ் நேரம் வந்துவிட்டது. அவசரத்தில் வாங்குகிற ஆள் அவர் இல்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு ஓடினோம்.

ஆனால் அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

ஈப்போக்காரர்கள். மாப்பிள்ளைக்கு பஸ் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை. பெண் பார்க்க அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

"அந்தச் சனியன அவுத்து வையி. கத்தியச் சொருகிக்கிட்டு நிக்கிற பொண்ண எவன் கட்டுவான்?" என்று அம்மா கத்தினார்.

சின்னம்மா கயிற்றை அவிழ்த்து, கத்தியை என் கவுன் பாக்கெட்டில் போட்டார். பட்டுச் சேலையில், இடுப்பில் கத்தி இல்லாமல், எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வந்தவர்கள் தம்பூன் ஊர் பம்ளிமாஸ் பழம் இரண்டு கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தைத் தலை அளவு. காப்பியும் பலகாரமும் ஆனதும் மாப்பிள்ளையின் அம்மா, "பழத்த உரிங்களேன், வழியெல்லாம் வாசம் புடிச்சுக்கிட்டே வந்தோம்," என்றார். அம்மா அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்ளிமாசின் தோல் எவ்வளவு மொத்தம் என்று உங்களுக்குத் தெரியும். அதை மேலிருந்து கீழாகக் கீறி இதழ் மாதிரி பிரிக்க வேண்டும். அம்மா பதற்றத்தில் பழத்தைக் குறுக்கே வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். சாறு தெறித்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அம்மா இன்னும் பதறி, பாதிப் பழத்தைச் சிதைத்துவிட்டார்.

சின்னம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல பழம் வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் பக்கம் திரும்பி, "எடு," என்றார். நான் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். எல்லோர் முன்னாலும் பட்டுச் சேலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் கத்தியைத் திறந்து, இரண்டாவது பழத்தை எட்டாகக் கீறினார். தோல் பூ மாதிரி விரிந்தது. ஒரு சுளைகூட உடையவில்லை.

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை அப்போதுதான் ஒரு வார்த்தை சொன்னார். "பூட்டு லூசா இருக்கு போல."

"ஆமா," என்றார் சின்னம்மா, தலை நிமிராமல்.

அவ்வளவுதான் இருவரும் பேசியது. என்ன கிண்டல் பாருங்கள் என்று அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா முகம் தொங்கிப்போனது. மாப்பிள்ளை கிண்டல் செய்யவில்லை, பிட்டர் வேலை பார்க்கிற ஆள் பூட்டைப் பார்த்து பூட்டைப் பற்றிச் சொன்னார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளை கை கழுவ வெளியே பைப்படிக்கு வந்தார். சோப்பு எடுத்துக்கொண்டு நான் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, மெதுவாக, "பாப்பா, உங்க சின்னம்மாவுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார்.

பூ என்று சொல்லியிருக்கலாம். ஜாங்கிரி என்று சொல்லியிருக்கலாம். நான் உள்ளதைச் சொன்னேன். "கத்தி. நல்ல மடக்குக் கத்தி ஒன்னு தேடிக்கிட்டு இருக்காங்க. கடையில பாத்து வெச்சிருக்காங்க, மாட்டுக் கொம்புப் பிடி போட்டது." கடை எந்த ரோட்டில் இருக்கிறது என்றும் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பஸ்சுக்கு என்ன சாமான் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனார்.

ஒரு வாரம் தகவல் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் பெட்டி வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து வரும் ரொட்டிக்காரர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஹாரன் அடித்தார். "அண்ணே, அன்னிக்கு வந்தாரே மாப்பிள்ள, அவரு குடுத்து விட்டாரு," என்று ஒரு சின்னப் பொட்டலத்தை அப்பாவிடம் நீட்டினார். அம்மா முகம் மலர்ந்தது. வளையலோ தோடோ என்று நினைத்திருப்பார். அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் மாட்டுக் கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. கடிதம் ஏதும் இல்லை.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நம் வீடுகளில் கத்தி விஷயம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கத்தி போகக் கூடாது. கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும். அப்படியிருக்க, பெண் கேட்டு வந்தவர்கள் கத்தியையே அனுப்பினால் அதற்கு ஓர் அர்த்தம்தான்.

"வெட்டிக்கிட்டாங்க," என்று அம்மா மூக்கைச் சிந்தினார். "ஒறவ வெட்டிக்கிட்டாங்க. அன்னிக்கு இவ கத்திய எடுத்தா பாரு, அதுக்குப் பதில் சொல்லிட்டாங்க. எவ்ளோ மாலு, வெக்கக்கேடாப் போச்சு!"

அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே? நம்மள என்னன்னு நெனச்சாங்க? இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம பீடோருக்குப் போறேன். வாக்குக் குடுத்துட்டு வாரேன்."

பீடோரில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீடு. ஏற்கெனவே ஒரு தடவை சின்னம்மாவைக் கேட்டிருந்தார்கள். கல்யாணமானால் நாற்று மேடை வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பையன் சின்னம்மாவின் கறை பிடித்த கையைப் பார்த்துச் சிரித்தது எனக்கே தெரியும். சின்னம்மாவுக்கு அந்த இடம் துளிகூடப் பிடிக்காது. ஆனால் அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். லாரியை வேண்டுமானால் ரிவர்ஸ் எடுப்பார், வாக்கை எடுக்க மாட்டார்.

கத்தி ஏன் வந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் மாப்பிள்ளையோடு நின்று பேசியதற்கு அம்மா முதுகுத் தோலை உரிப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய், "அவரைக் கத்தி வாங்கச் சொன்னதே நான்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க விழுங்கிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்துபோய் அடி வாங்கினேன்.

அந்தக் கத்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அப்பா கொண்டுபோய் விறகுக் கொட்டாய் கூரையில் செருகிவிட்டார். அன்றிலிருந்து சின்னம்மா அடிக்கடி விறகு எடுக்கப் போனார். அடுப்புக்கு வேண்டாத நேரத்தில்கூடப் போனார். போனால் கால் மணி நேரம் வர மாட்டார்.

"பாவம், நம்ம முன்னால அழ மாட்டா. அங்க போயி அழுறா," என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தார். "யாரும் போயிராதீங்க. அழுது தீக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா சொன்னதையும் மீறிக் கொட்டாய்க்குள் நுழைந்தேன். சின்னம்மா விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. புதுக் கத்தியைத் திறந்து காதருகில் வைத்து, மடக்கி, மறுபடி திறந்து காதருகில் வைத்துக்கொண்டிருந்தார். காலடியில் சீவிப் போட்ட ரப்பர்க் குச்சிகள் குவியலாகக் கிடந்தன.

"ஒரே சத்தம்," என்றார் என்னைப் பார்த்து. "கேக்குறியா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். பைப்படியில் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். சின்னம்மா முழுவதையும் கேட்டார். பிறகு முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"எனக்கு வியாழக்கெழமையே தெரியும்லா," என்றார். "கடையில அந்தக் கண்ணாடிப் பெட்டியில எட்டு கத்தி இருந்துச்சு. அதுல இது எனக்குப் புடிச்சதுன்னு அவருக்கு யாரு சொல்லுவா? நீதான் சொல்லிருக்கணும்."

"அப்ப ஏன் நீங்க அம்மாகிட்ட சொல்லல?"

சின்னம்மா கத்தியை மடக்கி உள்ளங்கையில் வைத்தார். பிடியின் முனை ஒரு கட்டை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கத்தியும் பாத்தேன், யோசிச்சும் பாத்தேன். அவசரமா சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது. நீ எதுவும் பேசாத. நான் பாத்துக்கறேன்."

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் அவருக்காக அழுதுகொண்டிருக்க, அவர் கொட்டாய்க்குள் உட்கார்ந்து கத்தியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நம் அம்மா அப்பாக்கள் எத்தனை தடவை இப்படி, சும்மா யோசித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அழுகிறாள் என்று முடிவு கட்டினார்களோ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டார். மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி, அழுத கண்ணோடு திருநீறு பூசிவிட்டார். அப்பா வண்டியை மிதிக்கக் காலைத் தூக்கியபோது சின்னம்மா கொட்டாயிலிருந்து வந்தார். வந்தவர் அப்பாவின் காலடியில், தரையில், அந்தக் கத்தியைப் பெட்டியோடு வைத்தார்.

"மாமா, இத எடுத்துக்கிட்டு ஈப்போவுக்குப் போயிட்டு வாங்க."

"ஈப்போவுக்கா? மூஞ்சியில வீசிட்டு வரச் சொல்றியா? அதயும் செய்றேன்," என்றார் அப்பா.

"இல்ல. கத்தி நல்ல கத்திதான், ஒரு கொறையும் இல்ல. ஆனா என் கைக்குப் பெருசு மாமா. அளவு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

அப்பா புரியாமல் விழித்தார். "மாத்தறதா? என்னத்த மாத்தறது? அவங்கதான் வேணாம்னுட்டாங்களே."

"வேணாம்னு சொல்றவங்க இவ்ளோ பாத்து வாங்க மாட்டாங்க. எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டுத்தான் அனுப்பியிருக்காரு. பாப்பாகிட்ட கேட்டாரு, அவ சொன்னா," என்று சின்னம்மா என் தலைமேல் கையை வைத்தார். அடி விழாமல் இருக்கத்தான் வைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். "எனக்கு அந்த எடம் சம்மதம். பீடோருக்குப் போவாதீங்க."

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "ஐயோ, நான் என்னென்ன பேசிட்டேன்!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு பெட்டியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார். தோட்டத்து முனையில் வலப்பக்கம் திரும்பினால் ஈப்போ, இடப்பக்கம் திரும்பினால் பீடோர். இலை இல்லாத காலம், ஆகையால் மரங்களுக்கு ஊடே ரோடு வரைக்கும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்று பார்த்தோம். அப்பா முனையில் வண்டியை நிறுத்தினார். ஒரு காலை ஊன்றி நின்றார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

மத்தியானச் சோறு வடிக்கும் நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தலை தெரியுது," என்றார்.

அப்பாவுக்குப் பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் செம்மண் தூசு. வழி நெடுக அப்பா அவருக்கு ஒரு பிரசங்கமே செய்திருக்க வேண்டும், அவர் முகத்தில் தெரிந்தது. வீட்டுக்குள் வரச் சொன்னோம், வரவில்லை. வாசலில் காய்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கி, கைக்குட்டையை விரித்து, அதே கத்தியை மூன்று அளவிலும் வரிசையாக வைத்தார். பெருநாள் நெருக்கம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்ததாம். ஒர்க்‌ஷாப்புக்கு ஆணி, போல்ட்டு எல்லாம் வாங்குகிற பழக்கத்தில் தவுக்கே மூன்றையும் நம்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"என் கைய வெச்சு அளவு பாத்துட்டேன். தப்பு என்னுதுதான்," என்றார் மாப்பிள்ளை, சின்னம்மாவைப் பார்த்து. "கத்தி குடுத்தா வேற அர்த்தம்னு எனக்குத் தோணவே இல்ல. நீங்களே பாத்து எடுங்க."

சின்னம்மா அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பெரியதைத் தள்ளி வைத்துவிட்டு, சின்னதை எடுத்தார். மூடிப் பார்த்தார், திறந்தார், கேட்டார், ஆட்டினார், இடுக்கில் பார்த்தார். நடுவில் இருந்ததை எடுத்தார். மறுபடி சின்னது. அதற்குள் லயத்தில் பாதிப் பேர் வந்து கூடிவிட்டார்கள். உச்சி வெயில். மரத்தில் ஓர் இலை கிடையாது, நிழலும் கிடையாது. மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏதாச்சும் ஒன்ன எடுடி, மானம் போவுது," என்று அம்மா பல்லைக் கடித்தார்.

அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "தம்பி, நீங்க உள்ள வந்து ஒக்காருங்க. அது பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

"இருக்கட்டும் அண்ணே. அவங்க பாக்கட்டும்," என்றார் அவர். எழுந்திருக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, இது நல்லா இருக்கு என்று ஒன்றைத் தள்ளிக்கூட விடவில்லை.

ஒரு பெண் முடிவெடுக்கும் வரைக்கும் ஓர் ஆண் வாயை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பதினொரு வயதில் எனக்கு அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அதை அதிகம் பார்த்துவிடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் சின்னம்மா நடுக் கத்தியைக் காட்டி, "இது," என்றார்.

மாப்பிள்ளை அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து மடக்கினார். அப்பாவின் பிரசங்கம் நினைவில் இருந்திருக்கும். அதைச் சின்னம்மாவின் முன்னால் தரையில் வைக்கக் குனிந்தார்.

சின்னம்மா கையை நீட்டினார். "கையிலயே குடுங்க."

"அடியே!" என்று அம்மா அலறினார். லயத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு பால் கறை படிந்து கறுத்திருந்த அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அதில் வைத்தார். சின்னம்மா விரல்களை மூடினார். துளிகூட வெளியே தெரியவில்லை.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் திறந்தபோது, சின்னம்மா மாப்பிள்ளைக்குக் காப்பி கலக்க உள்ளே போயிருந்தார்.